ஏரியைக் கடக்கும் ரயில் எப்போது ஓடும்? புறநகர் இலகு ரயில் நீட்டிப்பின் தேதியை நாமே கணிக்கும் முறை

அமெரிக்காவின் சியாட்டல் நகரை ஒட்டிய வாஷிங்டன் ஏரியின் கிழக்குக் கரையில் இருக்கும் பெல்வியூ, ரெட்மண்ட் ஊர்களில் வேலை நிமித்தம் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு. பொங்கல் விழாவிலோ பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளி வாசலிலோ இரண்டு பேர் சந்தித்துக்கொண்டால், பேச்சு எங்கே தொடங்கினாலும் சியாட்டலுக்குப் போகும் ரயிலில் வந்து நிற்பது இங்கே பல ஆண்டுகளாக வழக்கம். வாடகை ஒப்பந்தத்தை இன்னோர் ஆண்டுக்குப் புதுப்பிக்கலாமா, இரண்டாவது கார் இல்லாமல் சமாளிக்க முடியுமா, அக்கரையில் இருக்கும் பல்கலைக்கழகத்துக்குப் பிள்ளை வீட்டிலிருந்தே போய் வரலாமா என்று பல முடிவுகள் அந்த ஒரு தேதியை நம்பி இருந்தன.

2022-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், "அடுத்த வருடம் ரயில் வந்துவிடும்" என்று ஒரு குடியிருப்பின் வாடகை அலுவலகத்தில் சொன்னதை நம்பி, நிலையத்துக்கு அருகில் கூடுதல் வாடகைக்கு நான் வீடு எடுத்தேன். அந்த ஒப்பந்தம் முடிந்து, அடுத்த ஒப்பந்தமும் முடிந்த பிறகுதான் முதல் ரயில் ஓடியது. அந்த ரயிலும் ஏரியைக் கடக்கவில்லை. நான் தேதியைக் கேட்டேனே தவிர, அந்தத் தேதிக்குள் எந்தெந்த வேலை எந்த வரிசையில் முடிந்தாக வேண்டும் என்று கேட்கவில்லை. அதைக் கேட்கவும், கிடைக்கும் விடையைப் படித்துப் புரிந்துகொள்ளவும் பிறகு கற்றுக்கொண்ட முறையை இங்கே எழுதுகிறேன். எடுத்துக்காட்டு சியாட்டல் பகுதியின் இரண்டாம் தடம், அதாவது கிழக்குத் தடம், என்றாலும், முறை வேறு ஊர்களுக்கும் பொருந்தும்.

எந்தத் தேதி, எந்தப் பகுதி என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

ஒரு ரயில் திட்டத்துக்கு ஒரே தேதி இருப்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் குறைந்தது மூன்று தேதிகள் இருக்கின்றன. மக்களிடம் வாக்குக் கேட்கும்போது சொல்லப்படும் தேதி ஒன்று. வடிவமைப்பு முடிந்து நிதி ஒதுக்கும்போது நிர்வாகக் குழு தீர்மானமாக ஏற்கும் தேதி இன்னொன்று. மாதந்தோறும் பொறியாளர்கள் திருத்திக் கணிக்கும் தேதி மூன்றாவது. கிழக்குத் தடத்துக்கு வாக்காளர்கள் ஒப்புதல் கொடுத்தது 2008 நவம்பரில். கட்டுமானம் தொடங்கியது 2016-இல். அப்போது சொல்லப்பட்ட திறப்பு ஆண்டு 2023. செய்தித்தாள்கள் பெரும்பாலும் இரண்டாவது தேதியையே திரும்பத் திரும்பச் சொல்லும். வாடகை அலுவலகங்கள் தங்களுக்கு வசதியான தேதியைச் சொல்லும். உங்களுக்குப் பயன்படுவது மூன்றாவது தேதி ஒன்றுதான்.

அடுத்ததாக, எந்தப் பகுதி என்று கேளுங்கள். கிழக்குத் தடம் ஏறத்தாழ 22 கிலோமீட்டர் நீளமும் 10 நிலையங்களும் கொண்ட, சுமார் 370 கோடி டாலர் மதிப்பிலான திட்டம். அது ஒரே நாளில் திறக்கப்படவில்லை. ஏரிப் பாலத்தில் சிக்கல் தெரிந்த பிறகு, பழுதில்லாத கிழக்குப் பகுதியை மட்டுமாவது முதலில் ஓட்டலாம் என்ற யோசனை எழுந்தது. அப்போது கிங் கவுன்டி (சியாட்டல் அடங்கிய மாவட்டம்) மன்ற உறுப்பினராகவும், இந்த ரயிலைக் கட்டி நடத்தும் பொது நிறுவனமான சவுண்ட் டிரான்சிட்டின் நிர்வாகக் குழுவிலும் இருந்த கிளாடியா பால்டுச்சி அதை விடாமல் வலியுறுத்தினார். அதன் பயனாக சவுத் பெல்வியூவிலிருந்து ரெட்மண்ட் டெக்னாலஜி வரையிலான 8 நிலையங்கள் 2024 ஏப்ரல் 27 அன்று திறக்கப்பட்டன. அந்தப் பத்தில் சேராமல், தனித் திட்டமாகக் கட்டப்பட்ட மேரிமூர் வில்லேஜ், டவுன்டவுன் ரெட்மண்ட் என்னும் இரண்டு நிலையங்கள் 2025 மே 10 அன்று சேர்ந்தன. மெர்சர் தீவு, ஜட்கின்ஸ் பார்க் வழியாக ஏரியைக் கடந்து சியாட்டலை இணைக்கும் பகுதி 2025-ஐயும் தாண்டி 2026-க்குத் தள்ளிப்போனது. "இரண்டாம் தடம் ஓடுகிறது" என்பது 2024-லேயே உண்மைதான். சியாட்டலில் வேலை பார்ப்பவருக்கு அந்த உண்மையால் பயன் எதுவும் இருக்கவில்லை.

சதவீதத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்

"பணிகள் 95 சதவீதம் நிறைவு" என்ற அறிவிப்பைப் போல நம்மைத் திசைதிருப்புவது வேறில்லை. இத்தகைய சதவீதம் பெரும்பாலும் செலவான பணத்தையோ முடிந்த கட்டுமானத்தையோ வைத்துக் கணக்கிடப்படுகிறது. தூண்களும் பாலங்களும் நிலையக் கட்டடங்களும்தான் பணத்தை விழுங்குபவை. அவை முதலில் எழுந்துவிடும். தண்டவாளம், மின்சாரம், சிக்னல், தகவல் தொடர்பு ஆகியவற்றை ஒன்றோடொன்று இணைத்துச் சோதிக்கும் கடைசிக் கட்டம் பணக் கணக்கில் சிறியது, நாள் கணக்கில் பெரியது. அதனால்தான் சாலையில் போகிறவர் கண்ணுக்கு முழுதாக முடிந்துவிட்ட நிலையம், விளக்குகள் எரிந்தபடி மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கிறது. "எத்தனை சதவீதம்" என்பதை விட்டுவிட்டு, "எந்தச் சோதனை நடக்கிறது, அடுத்தது எது" என்று கேட்கப் பழகுங்கள்.

குறை என்று செய்தி வந்தால் அதைப் படிக்கும் விதம்

கட்டுமானத்தில் குறை கண்டுபிடிக்கப்பட்டது என்ற செய்தி வரும்போது, அது மேற்பூச்சுக் குறையா, அடித்தளக் குறையா என்று பார்க்க வேண்டும். இரண்டுக்கும் செய்தியில் ஒரே சொல்தான் இருக்கும். ஏரிப் பாலத்தை ஒட்டிய பகுதியில் நடந்தது இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகிறது.

அந்தப் பகுதியில் தண்டவாளம் ஜல்லியின் மேல் கிடக்கவில்லை. தண்டவாளத்தைத் தாங்குவதற்காக வரிசையாக வார்க்கப்பட்ட கான்கிரீட் திண்டுகளின் மேல், இரும்புப் பிடிப்பான்களால் இறுக்கிப் பொருத்தப்பட்டிருக்கிறது. திண்டின் மேற்பரப்பு உயரமும் சரிவும் துல்லியமாக இருந்தால்தான் பிடிப்பான் முழுதாகப் பதிந்து உட்காரும். உட்காராவிட்டால், ஒவ்வொரு சக்கரமும் கடக்கும்போது தண்டவாளம் சிறிது அமுங்கி எழும். இங்கே பல திண்டுகளின் அளவு சரியாக அமையவில்லை. அடியில் விழுந்த இடைவெளியைச் சாந்து கொண்டு நிரப்பினார்கள். அந்தச் சாந்துப் படுகையும் விரிசல் விட்டது. ஒட்டுப் போட்டுத் தீராது என்று தெரிந்ததும், ஆயிரக்கணக்கான திண்டுகளை உடைத்தெடுத்துப் புதிதாக வார்க்க முடிவு செய்தார்கள். 2022 ஆகஸ்டில் சவுண்ட் டிரான்சிட் நிறுவனம், திறப்பு ஓராண்டாவது தள்ளிப்போகும் என்று வெளிப்படையாக அறிவித்தது.

ரயில் ஏரியைக் கடக்கும் மிதக்கும் பாலத்தில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொண்டது. இந்த ரயில் நேர் மின்னோட்டத்தில் இயங்குகிறது. கம்பியிலிருந்து வாங்கிய மின்சாரம் தண்டவாளத்தின் வழியாகத்தான் துணைமின் நிலையத்துக்குத் திரும்புகிறது. திரும்பும் வழியில் அது கான்கிரீட்டுக்குள் கசிந்தால், உள்ளே இருக்கும் எஃகுக் கம்பிகள் கண்ணுக்குத் தெரியாமல் அரிக்கப்படும். சாதாரணப் பாலத்துக்கே இது கேடு. நீரில் மிதக்கும் பாலத்துக்கு உயிர்ப் பிரச்சினை. ஆகவே தண்டவாளத்துக்கும் பாலத்துக்கும் இடையே மின்காப்பு வேண்டும் என்பதற்காக, போல்ட்டுகளைப் பிடிக்கும் உறைகளை நைலானில் செய்திருந்தார்கள். போல்ட்டை முறுக்கும்போது அவற்றில் சில பழுதாயின. கைவிரல் அளவுள்ள ஒரு நைலான் உறைக்காக ஒரு மாநகரமே காத்திருக்க வேண்டுமா என்று அப்போது பலர் கோபப்பட்டார்கள். அந்த உறை என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகு எனக்கு அந்தக் கோபம் வரவில்லை.

கட்டுமானக் குழுவின் கையில் இல்லாத காரணங்களும் உண்டு. 2021 டிசம்பரிலிருந்து 2022 ஏப்ரல் வரை கான்கிரீட் லாரி ஓட்டுநர்களின் வேலைநிறுத்தத்தால் இப்பகுதி முழுவதும் கான்கிரீட் வரத்து முடங்கியது. தெற்கே ஃபெடரல் வே நீட்டிப்பில் 2022-இல் மண் சரிந்து, கரை கட்டிப் போட எண்ணியிருந்த தடத்துக்குப் பதிலாக நீண்ட பாலம் ஒன்றையே கட்ட வேண்டியதாயிற்று. செய்தியில் எந்தக் காரணம் வந்தாலும் ஒரு கேள்வியை வைத்து அதை எடை போடலாம்: இதைச் சரிசெய்ய ஏற்கெனவே முடித்த வேலையை உடைக்க வேண்டுமா? வேண்டும் என்றால் வாரக் கணக்கை மறந்துவிட்டு ஆண்டுக் கணக்கில் யோசிக்கத் தொடங்குங்கள். வேண்டாம் என்றால் மாதங்கள் போதும்.

சோதனைகளின் வரிசையை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்

நம் ஊரில் புதுத் தேர் செய்தால், திருவிழாவில் சுவாமியை ஏற்றி இழுப்பதற்கு முன் வெள்ளோட்டம் விடுவார்கள். அச்சு தாங்குகிறதா, சக்கரம் வீதி முனையில் திரும்புகிறதா, தேர் மேலே எதிலும் இடிக்கிறதா என்று அன்றைக்குத்தான் தெரியும். ரயிலுக்கும் அதே வெள்ளோட்டம்தான்; ஆனால் அது ஒரு நாளில் முடிவதில்லை, ஒரு படி தேறாமல் அடுத்த படிக்குப் போகவும் முடியாது.

முதல் ஓட்டத்தில் ரயில் தன் சொந்த சக்தியில் ஓடாது. மேல்நிலைக் கம்பியில் மின்சாரம் இல்லாத நிலையில், வேறொரு வண்டி அதை நடைவேகத்தில் இழுத்துச் செல்லும். நடைமேடை விளிம்புக்கும் பெட்டிக்கும் இடையே சரியான இடைவெளி இருக்கிறதா, சுரங்கச் சுவரிலோ கம்பத்திலோ வளைவில் உரசுகிறதா என்று ஆட்கள் கூடவே நடந்து அளந்து வருவார்கள். அடுத்து மேல்நிலைக் கம்பிக்கு மின்சாரம் கொடுக்கப்படும். கிழக்குத் தடத்தில் அது 1500 வோல்ட் நேர் மின்னோட்டம். இந்தக் கட்டத்தில் அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு, "இனிமேல் எல்லா நேரமும் கம்பியில் மின்சாரம் இருப்பதாகவே கருதுங்கள்" என்ற எச்சரிக்கை அறிவிப்பு வரும். அந்த அறிவிப்பைத் தேதியோடு குறித்து வையுங்கள். திட்டம் கட்டுமானத்திலிருந்து சோதனைக்கு மாறிவிட்டது என்பதற்கு அதைவிட உறுதியான அடையாளம் கிடையாது.

பிறகு ரயில் தன் சக்தியில் ஊர்ந்து செல்லும். ஓட்டந்தோறும் வேகம் படிப்படியாகக் கூட்டப்பட்டு, இங்கே அதிகபட்சமாக மணிக்கு 88 கிலோமீட்டர் வரை போகும். முழு வேகத்திலிருந்து அவசரமாக நிறுத்திப் பார்ப்பார்கள். சிக்னல் தவறாமல் மாறுகிறதா, முன்னால் ஒரு ரயில் நிற்கும்போது பின்னால் வரும் ரயில் தானாகவே தடுக்கப்படுகிறதா என்று பார்ப்பார்கள். சாலையைக் குறுக்கிடும் இடங்களில் போக்குவரத்து விளக்குகளோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். பல ரயில்களை ஒரே நேரத்தில் கிளப்பி, துணைமின் நிலையங்கள் அந்தச் சுமையைத் தாங்குகின்றனவா என்று சோதிப்பார்கள். சுரங்கத்தில் புகை வந்தால் வெளியேற்றும் விசிறிகள், லிஃப்ட், அறிவிப்பு ஒலிபெருக்கி, தீயணைப்புத் துறையோடு சேர்ந்து நடத்தும் மீட்பு ஒத்திகை ஆகியவற்றையும் ஒவ்வொன்றாகத் தேறவைக்க வேண்டும்.

கிழக்குத் தடத்தில் இவற்றோடு வேறெந்த ஊரும் செய்யாத ஒரு சோதனையும் இருந்தது. 1989-இல் திறக்கப்பட்ட ஹோமர் ஹேட்லி பாலத்தின் மேல்தான் ரயில் ஏரியைக் கடக்கிறது. மிதக்கும் பாலத்தின் மேல் இலகு ரயில் ஓடுவது உலகில் இதுவே முதல் முறை. ஏரியின் நீர்மட்டம் ஓராண்டுக்குள் ஏறக்குறைய இரண்டடி ஏறி இறங்குகிறது. காற்றில் மிதவைகள் அசைகின்றன. கரையில் நிற்கும் பகுதியோ அசைவதில்லை. அசையும் பாகமும் அசையாத பாகமும் சேரும் இடத்தில் தண்டவாளம் முறியாமல் வளைந்து கொடுக்க, இதற்கென்றே இணைப்புப் பாலங்களை வடிவமைத்து, கொலராடோ மாநிலத்தின் புவெப்லோவில் உள்ள ரயில் சோதனைத் தளத்தில் முழு அளவில் செய்து, மேலே ரயிலை ஓட்டிப் பார்த்த பிறகே இங்கே கொண்டுவந்தார்கள். 1990 நவம்பரில் பக்கத்திலேயே இருந்த பழைய மிதக்கும் பாலம் சீரமைப்பு வேலையின் நடுவே புயலில் மூழ்கிப்போனதை இங்கே வயதானவர்கள் இன்றும் நினைவில் வைத்துச் சொல்கிறார்கள். அந்த நினைவுள்ள ஊரில் பாலத்துச் சோதனையை யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள், அவசரப்படுத்தவும் கூடாது. 2025 செப்டம்பரில்தான் ஒரு ரயில் தன் சொந்த மின்சக்தியில் முதல் முறையாக அந்தப் பாலத்தைக் கடந்தது.

அந்த இலையுதிர் காலத்தில் ஒரு மாலை, சவுத் பெல்வியூ நிலையத்தின் வாகன நிறுத்தக் கட்டடத்தில் காரை நிறுத்திவிட்டு, மேல்தளத்தில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தேன். மேற்கே மெர்சர் தீவுப் பக்கமிருந்து நான்கு பெட்டிகள் கொண்ட ரயில் ஒன்று, உள்ளே விளக்கெல்லாம் எரிய, ஆள் ஒருவரும் இல்லாமல் வந்தது. வளைவில் மிகவும் மெதுவாகத் திரும்பி, நடைமேடைக்கு முன்பே நின்று, பிறகு அங்குலம் அங்குலமாக உள்ளே வந்தது. சிறிது நேரம் கழித்து வந்த வழியே திரும்பிப் போயிற்று. அரை மணி நேரத்துக்குப் பிறகு அதே ரயில், இம்முறை வளைவை விரைவாகக் கடந்து, நின்று நிதானிக்காமல் நேராக நடைமேடைக்கு வந்தது. என் பக்கத்தில் நின்ற ஒருவர், "ரயில் ஓடுகிறதே, இன்னும் ஏன் திறக்க மாட்டேன் என்கிறார்கள்?" என்று கேட்டார். ஒரே ரயில் வெவ்வேறு வேகத்தில் போய்த் திரும்புகிறது என்றால் அது தனிச் சோதனை. பல ரயில்கள் ஒரே இடைவெளியில், காலை முதல் இரவு வரை கால அட்டவணைப்படி வந்து போகின்றன என்றால்தான் கடைசிக் கட்டமான ஒத்திகைச் சேவை. இந்த வேறுபாட்டை நடைமேடையில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தே யாரும் கண்டுபிடித்துவிடலாம்.

ஒத்திகைச் சேவைக்கு முன் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. நீட்டிப்பு என்றால், ஏற்கெனவே தினமும் மக்கள் பயணம் செய்யும் தடத்தோடு அதை இணைக்க வேண்டும். இங்கே சியாட்டலின் சைனாடவுன் நிலையத்தில் இரண்டாம் தடம் முதலாம் தடத்தோடு சேர்கிறது. அந்த இணைப்புக்கான தண்டவாள வேலைக்காகவே 2020-இன் தொடக்கத்தில் பத்து வாரங்கள் முதலாம் தடத்தில் சேவையைக் குறைத்து ஓட்டினார்கள். சோதனைக் கட்டத்திலும், ஓடும் ரயில்களுக்கு இடையூறில்லாமல் நள்ளிரவிலும் வார இறுதிகளிலும் கிடைக்கும் சில மணி நேரத்தில்தான் இத்தகைய வேலையைச் செய்ய முடியும். "வார இறுதியில் இன்னின்ன நிலையங்களுக்கு இடையே ரயில் இல்லை, மாற்றுப் பேருந்து உண்டு" என்ற அறிவிப்பைக் கண்டு நாம் சலித்துக்கொள்கிறோம். நீட்டிப்புக்காகக் காத்திருப்பவருக்கு அது நல்ல செய்தி.

மாத அறிக்கையில் எதைத் தேடுவது

சவுண்ட் டிரான்சிட் போன்ற பொது நிறுவனங்கள் தங்கள் திட்டங்களின் முன்னேற்ற அறிக்கையை மாதந்தோறும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கின்றன. நூற்றுக்கணக்கான பக்கங்கள் இருக்கும். எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை. உங்கள் திட்டத்தின் பெயருள்ள பகுதியை எடுத்து, அட்டவணை பற்றிய பக்கத்துக்கு நேராகப் போங்கள். அங்கே இரண்டு செய்திகளைத் தேட வேண்டும்.

முதலாவது, எந்த வேலை தாமதமானால் திறப்பும் தாமதமாகுமோ அந்த வேலைகளின் தொடர். ஆயிரம் வேலைகள் நடந்துகொண்டிருந்தாலும் திறப்பு நாளை நிர்ணயிப்பவை அவற்றில் சிலதான். நிலையத்தில் ஓவியம் மாட்டுவது தாமதமானால் ரயில் நிற்காது. சிக்னல் சோதனை தாமதமானால் நிற்கும். செய்தியில் வரும் தாமதம் இந்தத் தொடரில் இருக்கிறதா, இல்லையா என்று பார்த்தாலே பாதிக் கவலை தீரும்.

இரண்டாவது, கையிருப்பு நாட்கள். எதிர்பாராத சிக்கலுக்கென்று அட்டவணையில் ஒதுக்கி வைத்திருக்கும் உபரி நாட்கள் இவை. ஒரே ஒரு மாத அறிக்கையைப் பார்த்து இதிலிருந்து எதையும் முடிவு செய்ய முடியாது. நான்கைந்து மாத அறிக்கைகளை எடுத்து இந்த ஓர் எண்ணை மட்டும் வரிசையாக எழுதிப் பாருங்கள். விளக்கத்துக்காக ஒரு கணக்கு: சனவரியில் 90 நாட்கள், பிப்ரவரியில் 75, மார்ச்சில் 60 என்று இருந்தால், மாதம் 15 நாட்கள் கரைகின்றன, இதே போக்கில் போனால் இன்னும் நான்கு மாதத்தில் கையிருப்பு தீர்ந்துவிடும். திறப்பு அதற்கும் பிறகு என்றால், அறிவித்த தேதி நிற்காது. அதை அவர்கள் வாய் திறந்து சொல்லும் முன்பே நீங்கள் தெரிந்துகொள்ளலாம். எண் பல மாதங்களாக அசையாமல் இருந்தால் வேலை அட்டவணைப்படி போகிறது. திடீரென்று எண் கூடியிருந்தால் மகிழ்ச்சி அடையாதீர்கள். பெரும்பாலும் திறப்புத் தேதியைப் பின்னுக்குத் தள்ளி அட்டவணையையே மாற்றி எழுதியிருப்பார்கள்.

அறிக்கையோடு, கட்டுமானத்தை மேற்பார்வை செய்யும் குழுவின் கூட்டப் பதிவையும் பாருங்கள். பொறியாளர்கள் எழுத்தில் தவிர்க்கும் தயக்கம் பேச்சில் வெளிப்பட்டுவிடும். "இலக்கு", "எதிர்பார்ப்பு", "உறுதி" ஆகிய மூன்று சொற்களில் எதைப் பயன்படுத்துகிறார்கள் என்று கவனித்துக் கேளுங்கள். நாளும் மாதமும் குறிக்காமல் பருவத்தை மட்டும் சொன்னால் அது இலக்கு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

பக்கத்துத் தடத்தையும் பாருங்கள்

ஒரு நீட்டிப்பின் தாமதம் அதோடு நிற்பதில்லை. வடக்கே லின்வுட் நீட்டிப்பு 2024 ஆகஸ்ட் 30 அன்று திறக்கப்பட்டபோது, இரண்டு தடங்களின் ரயில்களும் சேர்ந்து அந்தப் பகுதியில் ஓடியிருக்க வேண்டும். ஏரி இணைப்பு இல்லாததால் முதலாம் தடம் மட்டுமே அந்தக் கூட்டத்தைச் சுமந்தது. காரணம் எளியது: 96 பெட்டிகளை நிறுத்தக்கூடிய புதிய பணிமனை பெல்வியூவில் இருந்தது, பாலம் இல்லாமல் அந்த ரயில்களைச் சியாட்டலுக்குக் கொண்டுவர வழியில்லை. திறப்பு வரிசையும் மாறலாம். ஃபெடரல் வே நீட்டிப்பு 2025 டிசம்பர் 6 அன்று, ஏரி இணைப்பை முந்திக்கொண்டு திறந்தது. உங்கள் தடத்தின் அறிக்கையில் எல்லாம் சரியாக இருந்தாலும், அதற்கு ரயில் எந்தப் பணிமனையிலிருந்து வரப்போகிறது என்று ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

சோதனை நாட்களைக் குறைக்கச் சொல்லாதீர்கள்

தாமதம் நீண்டால், கடைசி ஒத்திகையைச் சுருக்கியாவது திறந்துவிடுங்கள் என்ற குரல் எழுவது இயல்பு. அந்தக் குரலில் நானும் ஒரு காலத்தில் சேர்ந்திருப்பேன். கனடாவின் ஒட்டாவா நகரில் நடந்ததைப் படித்த பிறகு அந்த எண்ணத்தை முற்றிலும் கைவிட்டேன். அங்கே கான்ஃபெடரேஷன் தடத்துக்கு 12 நாள் ஒத்திகை ஓட்டம் வைத்திருந்தார்கள். ஒத்திகை நடந்துகொண்டிருக்கும்போதே தேர்ச்சி அளவு தளர்த்தப்பட்டது. அட்டவணைப்படி ஓட வேண்டிய தூரத்தில் சராசரியாக 98 சதவீதம் ஓட வேண்டும் என்றிருந்தது, 12 நாட்களில் சிறந்த 9 நாட்களின் சராசரி 96 சதவீதம் இருந்தால் போதும் என்றாயிற்று. 2019 செப்டம்பர் 14 அன்று தடம் திறந்தது. 2021 ஆகஸ்டில் ஒரு ரயிலும், செப்டம்பரில் இன்னொரு ரயிலும் தடம் புரண்டன. இரண்டாவது விபத்துக்குப் பிறகு ஏறக்குறைய எட்டு வாரங்கள் சேவையே இல்லை. நீதிபதி வில்லியம் ஹூரிகன் தலைமையில் நடந்த பொது விசாரணையின் அறிக்கை 2022 நவம்பரில் வெளிவந்தபோதுதான் இந்தத் தளர்வு எப்படி நடந்தது என்று நகர மக்கள் முழுமையாகத் தெரிந்துகொண்டார்கள். அதே நகரம் டிரில்லியம் தடத்தை நீட்டித்தபோது ஒத்திகையை 21 நாட்களாக்கியது. அந்தத் தடம் பல முறை தள்ளிப்போய் 2025 சனவரி 6 அன்று திறந்தது.

டொராண்டோவின் எக்லின்டன் தடத்துக்காகக் காத்திருந்த ஸ்கார்பரோத் தமிழர்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்கும். 19 கிலோமீட்டர் நீளமான அந்தத் தடத்தின் வேலை 2011-இல் தொடங்கியது. முதலில் சொன்ன ஆண்டு 2020. அங்கே திறப்புக்கு முன் 30 நாள் செயல்விளக்க ஓட்டம் என்று விதித்தார்கள். அந்த முப்பது நாளில் ஒரு நாளைக்கூட விட்டுக்கொடுக்க வேண்டாம் என்பதுதான் பயணிகளின் கோரிக்கையாக இருந்திருக்க வேண்டும். பொதுக்கூட்டத்தில் பேச வாய்ப்புக் கிடைத்தால் "எப்போது திறப்பீர்கள்?" என்பதற்குப் பதிலாக, "தேர்ச்சி அளவு என்ன, அதை மாற்றினால் எங்களிடம் சொல்வீர்களா?" என்று கேளுங்கள்.

வீடு, வேலை பற்றிய முடிவுகளுக்கு

நான் இப்போது பின்பற்றும் வழி இது. ரயில் தன் சொந்த சக்தியில் அந்தப் பகுதியைக் கடக்கும் வரை, அறிவித்த மாதத்தைக் கணக்கில் கொள்வதில்லை. ஆண்டை மட்டும் பென்சிலால் குறித்து வைக்கிறேன். கடந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் என்று வைத்துக்கொள்கிறேன். ஒத்திகைச் சேவை தொடங்கி, மாநில அரசின் பாதுகாப்பு மேற்பார்வை அமைப்பு ஆவணங்களைப் பரிசீலிக்கும் கட்டம் வந்த பிறகே (வாஷிங்டனில் அந்தப் பொறுப்பு மாநிலப் போக்குவரத்துத் துறையினுடையது) குறிப்பிட்ட நாளை நம்புகிறேன். ரயிலை மனத்தில் வைத்து வீடு எடுப்பதானால், ரயில் இல்லாமலே அந்த வீட்டிலிருந்து ஓராண்டு போய்வர முடியுமா என்று முதலில் ஒரு வேலை நாள் காலையில் பேருந்தில் போய்ப் பார்த்துவிடுங்கள். முடியும் என்றால் எடுங்கள்.

பேருந்து அட்டவணையையும் கவனிக்க வேண்டும். பெல்வியூவுக்கும் சியாட்டலுக்கும் இடையே ஓடும் 550-ஆம் எண் பேருந்தின் இடத்தை ரயில் எடுத்துக்கொள்ளும் என்பது திட்டமாக இருந்தது. இங்கே பேருந்துத் தடங்களை வழக்கமாக ஆண்டுக்கு இரண்டு முறைதான் மாற்றுகிறார்கள்; அதற்கான ஓட்டுநர் பணி ஒதுக்கீட்டை வெகு முன்னதாகவே செய்தாக வேண்டும். ஆகவே இத்தகைய பேருந்து எந்த நாளோடு நிற்கப்போகிறது என்ற அறிவிப்பு வரும்போது, ரயில் திறப்பு நாளை அந்த நாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒட்டி வந்தால் தேதியில் நம்பிக்கை வைக்கலாம். அதன் பிறகும், ரயில் ஓடத் தொடங்கிய முதல் சில வாரங்களுக்கு அலுவலகத்துக்கு அரை மணி நேரம் முன்னதாகவே கிளம்புங்கள். புதிய தடத்தில் கதவு சிக்குவதும் சிக்னல் தவறுவதும் அந்த வாரங்களில்தான் அதிகம்.